பேஸ்பால் சுவரில் ஆறாவது படம்

ஆறாவது படம் என்னுடையது என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட, நானே சொல்லிச் சிரித்துவிடுவது எனக்குக் கொஞ்சம் மரியாதை.

நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தலைக்குச் சாயம் அடித்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, லேசாக ஒரு பக்கம் திரும்பி, தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஸ்டுடியோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "என்ன சார் பாக்குறீங்க?" என்றார்.

"வரலாற்றைப் பாக்குறேன்."

"கொஞ்சம் தாடையை இறக்குங்க சார். வரலாறு கீழ இருக்கு."

அதற்குப் பிறகு ஒரு வாரம் குளியலறையில் ஏற்புரை ஒத்திகை. 'எனக்கு எதற்கு இதெல்லாம், நான் என் கடமையைத்தான் செய்தேன், என்னைவிடத் தகுதியானவர்கள் எத்தனையோ பேர்...' என்று உருகிக்கொண்டிருக்கும்போது, என் வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டு வெளிய வாங்க. தண்ணி வீணாப் போகுது."

நான் திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். மற்றவர் முழங்காலையெல்லாம் வலுவாக்கி, கடைசியில் என் முழங்கால் போனதால் விருப்ப ஓய்வு வாங்கினேன். இப்போது அங்கே இருக்கிற இளம் ஆசிரியர்கள், "அந்த ஆறாவது படத்தை எப்படித்தான் சார் முடிவு பண்ணீங்க, ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க, எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒரு கதை என்றால் அதில் என் சாயக் கதையும் இருக்கும். அதனால்தான் முந்திக்கொண்டேன்.

என் படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. உடற்கல்விக் கல்லூரியில் ஓடினேன், தாண்டினேன், விழுந்தேன், தேறினேன். வேலைக்கு வந்து சில வருஷத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாவட்டத்தில் பேஸ்பால் அணிகள் தொடங்க வேண்டும். ஆசிரியர்களுக்குத் திண்டுக்கல்லில் பயிற்சி முகாம். எங்களில் ஒருவர்கூட பேஸ்பாலை நேரில் பார்த்ததில்லை. போன இடத்தில்தான் சூசைமாணிக்கம் சாரைப் பார்த்தோம். எங்கள் எல்லோருக்கும் அவர் 'பெரிய சார்'.

பெயர்தான் பெரிய சார். ஆள் என் தோளுக்கு வருவார். வெள்ளை அரைக்கைச் சட்டை, வெயிலுக்கு ஒரு துணித் தொப்பி. குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவனிடமும் பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற மாதிரியே பேசுவார். அவன் ஓடிவந்து கேட்டுக்கொள்ள வேண்டும். எதைக் கேட்டாலும் திருப்பி ஒரே கேள்விதான்: "நீ பாத்தியா? பாத்ததைச் சொல்லு. நெனச்சதைச் சொல்லாதே."

அம்பயராக நின்றால், ஓடிவருகிற ஆட்டக்காரன் பேஸ் என்கிற எல்லைக்கு வந்து விழுந்து புழுதி அடங்கும்வரை அசைய மாட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைப்பார், மறுபக்கம் துடைப்பார், மாட்டிக்கொள்வார். அதற்கப்புறம்தான் கை எழும். மடக்கின கையில் கட்டைவிரல் நீட்டினால் அவுட். இரண்டு கையையும் பக்கவாட்டில் தரைக்குச் சமமாக விரித்தால் சேஃப், தப்பித்துவிட்டான். கண்ணாடி துடைக்கிற அந்த நேரத்தில் ஒரு கொக்கு மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாகக் கடந்து போய்விடும். நான் பார்த்திருக்கிறேன். கொக்கை.

அந்தச் சைகைகளைத்தான் முகாமில் முதலில் கற்றுக்கொடுத்தார். மீசை வைத்த ஆசிரியர்கள் எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்று கையை விரித்துக்கொண்டிருந்தோம். ரோட்டில் போன ஒரு பஸ் வேகம் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. சோளக்கொல்லையில் இவ்வளவு பொம்மை எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

பள்ளிக்குத் திரும்பி மைதானம் போட்டோம். கோடைக்கு ஆத்தூர் அணை வற்றும்போது அள்ளுகிற வண்டல் மண்ணை இரண்டு டிராக்டர் கேட்டு வாங்கி, நடுவில் கொட்டி, தண்ணீர் தெளித்து, பிள்ளைகளை விட்டு மிதிக்கச் சொன்னேன். அதுதான் பந்து எறிகிற பிட்சர் நிற்கிற மேடு. பேஸ் என்பது தேங்காய் நார் அடைத்த சாக்கு. அடிப்பவன் நிற்கிற இடத்துத் தகடு, பழைய லாரி டயரில் வெட்டினது. தகரடப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, கயிறு பிடித்துக்கொண்டு நடந்தால் கோடு விழும். முதல் பஸ்ஸில் வந்து, விடிந்தும் விடியாமல் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், சிறுமலை இன்னும் பனிக்குள் இருக்கும். மலை இல்லாத மாதிரியும், வெள்ளைக் கோடு மட்டும்தான் உலகத்தில் இருக்கிற மாதிரியும் தோன்றும். அந்த நேரத்தில் எந்த அணியிடமும் நாங்கள் தோற்றதில்லை.

வேலுச்சாமியை நான் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் குப்புற விழுந்தேன்.

யாரோ அடித்த பந்து வாய்க்காலைத் தாண்டி வெங்காயக் காட்டுக்குள் போய்விட்டது. அங்கே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, "ஏலே, அதைத் தூக்கிப் போடு" என்றேன். உருட்டி விடுவான், போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். பந்தை எடுத்தான். கை பின்னால் போனது. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம் போல இருந்தது. பிறகு பந்து என் மூக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய் பேசத் தொடங்கும், அடுத்து கால் ஓடத் தொடங்கும். அன்றைக்கு இரண்டுக்குமே நேரம் இல்லை. விழுந்தேன். பந்து எனக்குப் பின்னால் நின்றிருந்த குமரேசனின் கிளவுசில் போய் 'டப்' என்று உட்கார்ந்தது.

குமரேசன் எங்கள் கேட்சர், அடிப்பவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பையன், இங்கே மாமா வீட்டில் தங்கிப் படித்தவன். கிளவுசைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தான். "சார், அவனைய விட்றாதீங்க" என்றான்.

விசாரித்தால், வேலுச்சாமி எங்கள் பள்ளியிலேயே ஒன்பதாவது படிக்கிறான். அவனோடு அதே வகுப்பில் பாண்டியம்மாள் என்று ஒரு பெண். இரண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, பள்ளிக்கூடத்தில் ஒரே பிறந்த தேதி. இரட்டைப் பிள்ளைகள் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். பாண்டியம்மாள் அவனைவிட நல்ல உயரம். பெரிய மனுஷி மாதிரிப் பேசுவாள், அவனை அதட்டுவாள். சக ஆசிரியர் ஒருவர், "என்ன சார், இரட்டைங்கிறீங்க, இம்புட்டு வித்தியாசம் இருக்கு?" என்று கேட்டபோது, "பொம்பளப் பிள்ளைங்க சீக்கிரம் வளர்ந்துரும் சார், இதெல்லாம் உடற்கூறியல்" என்று விளக்கமும் கொடுத்தேன். படித்தவன் இல்லையா.

அடுத்த மூன்று வருஷம் ஒரு கனவு மாதிரிப் போனது. வேலுச்சாமி மேட்டில் ஏறி நின்றால் மைதானம் அமைதியாகிவிடும். அந்தக் கை தலைக்குப் பின்னால் வளைந்து மேலே வரும்போது, வெயில் அதில் ஒரு கணம் தங்கும். பந்து புறப்படுவது தெரியும், வருவது தெரியாது, வந்தபிறகு குமரேசனின் கிளவுஸ் சத்தம் மட்டும் கேட்கும். மட்டையோடு நிற்கிறவன், இன்னும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருப்பான். எனக்கு மத்தியானத் தூக்கத்தில் இன்றைக்கும் அந்தச் சத்தம்தான் வருகிறது.

பிறகு அந்த இறுதி ஆட்டம். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி, திண்டுக்கல்லில். தலைமை அம்பயர் பெரிய சார்.

அவருடைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆட்டக்காரனும் தன் அட்டையில் பெயர், வயது, பள்ளி எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுத வேண்டும். ஆசிரியர் எழுதக் கூடாது. "ஆடுறவன் அவன். சொல்றவனும் அவனா இருக்கட்டும்" என்பார். பள்ளிச் சான்றிதழ்கள் தனியாக ஒரு பையில் இருக்கும். புகார் வந்தால்தான் பையைத் திறப்பார்.

அன்றைக்குப் புகார் வந்தது. எதிர் அணிக்காரர்கள், இந்தக் கையைப் பார்த்தால் பதினாறுக்குக் கீழே இருக்கிற கையாகத் தெரியவில்லை என்றார்கள். பெரிய சார் பையைத் திறந்தார். வேலுச்சாமி அட்டையில் பதினைந்து என்று எழுதியிருந்தான். சான்றிதழின்படி அவனுக்குப் பதினாறு முடிந்து சில வாரம் ஆகியிருந்தது.

"இது யார் எழுதினது தம்பி?"

"நான்தான் சார்."

"சர்டிபிகேட்ல வேற போட்டிருக்கு."

"அது எனக்குத் தெரியாது சார். எங்கம்மா சொன்ன வயசு இதுதான்."

"நீ பொறந்ததை நீ பாத்திருக்க முடியாது. அம்மா சொன்னாங்கன்னா அது செல்லாது."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். கட்டைவிரல் எழுந்தது. ஓடாமல் நின்றுகொண்டிருக்கிற ஒருவனுக்கு அவர் அவுட் கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேலுச்சாமி மேட்டிலிருந்து இறங்கி வந்து பந்தை என் கையில் வைத்தான். சூடாக இருந்தது. தைரியமாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம். என் வாய் திறந்தது. "எல்லாரும் தண்ணி குடிங்க" என்றேன். எல்லோரும் குடித்தார்கள். பிறகு தோற்றார்கள். அணியோடு எடுத்த படத்தில் அவன் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் அவன் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டது: வயசை மறைத்தவன். மாவட்டத்தில் எங்கே பேஸ்பால் பேச்சு வந்தாலும், "நல்ல பிட்சர்தான், ஆனா..." என்று அந்தப் பட்டமும் கூடவே வரும். அவன் பந்தைத் தொடுவதை விட்டான். லாரி ஓட்டப் போனான். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவான், வருவான். வழியில் பார்த்தால் ஹாரன் அடிப்பான்; நிறுத்த மாட்டான்.

வருஷங்கள் ஓடின. எங்கள் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே பேஸ்பாலில் பேர் வாங்கினவர்களுக்கென்றே ஒரு மண்டபம் இருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டான். ஒவ்வொரு வருஷமும் யாரை உள்ளே விடுவது, யாரை விடக் கூடாது என்று நாடே அடித்துக்கொள்ளுமாம். எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்கள், ஏதோ தப்பு செய்தார்கள் என்று வாசலிலேயே நிற்கிறார்களாம். இதைப் படித்ததும் எங்கள் ஆட்களுக்குக் கை அரித்தது. நமக்கும் ஒன்று வேண்டும். மண்டபம் கட்ட வழியில்லை, சுவர் இருக்கிறது. பள்ளியின் விளையாட்டு அறையில் ஒரு சுவருக்கு வெள்ளையடித்து ஆறு ஃப்ரேம் மாட்டுவது என்று முடிவானது. ஐந்து பேரில் சண்டையில்லை. ஆறாவதைத் தீர்மானிக்க மூன்று பேர் குழு: பெரிய சார், இப்போது ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் மண்டி வைத்திருக்கும் குமரேசன், நான்.

குமரேசன் போனில் சொன்னது இதுதான்: "ஏனுங் சார், ஆறாவது எடம் ஒண்ணு நிக்குதுங். நீங்க இல்லாம ஆகாதுங்." இதில் நான் வேறு எதைப் புரிந்துகொள்வது? குழு உறுப்பினர் என்பதெல்லாம் மரியாதைக்காக, உட்கார வைத்துத் திடீரென்று மாலை போடுவார்கள் என்று நம்பினேன்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். படம் இருந்த உறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். ஐந்து ஃப்ரேமில் ஐந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஃப்ரேம் காலியாக இருந்தது. அதன் கண்ணாடியில் என் சாயத் தலை தெரிந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். பெரிய சார் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். வயதாகி உருவம் இன்னும் கொஞ்சம் குறுகியிருந்தது. என்னைப் பார்த்து, "என்ன செல்வம், தலைக்குத் தார் போட்டிருக்க?" என்றார்.

குமரேசன் தொடங்கினான். "சார், சுத்தி வளைக்க வேண்டாமுங். ஆறாவதுக்கு ரெண்டு பேர்தானுங். ஒண்ணு தங்கதுரை. இல்லீன்னா வேலுச்சாமி."

நான் கொஞ்ச நேரம் மூன்றாவது பெயருக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. உறையை மெல்ல நாற்காலியில் வைத்து, என் படத்தின் மேல் நானே உட்கார்ந்தேன்.

தங்கதுரை பெரிய அடிகாரன். அவன் அடித்த பந்து ஒன்று ரோட்டில் போன டவுன் பஸ்ஸில் ஏறி தாடிக்கொம்பு வரைக்கும் டிக்கெட் இல்லாமல் போயிருக்கிறது. மாநில அணிக்கும் ஆடினவன். அவன்மேல் ஒரு சொல் கிடையாது.

குமரேசன் இடது கையை மேஜைமேல் வைத்தான். ஆள்காட்டி விரல் கொஞ்சம் கோணலாக இருந்தது. "இது வேலு குடுத்ததுங். தங்கதுரை அடிச்சதை ஊரே பாத்துச்சுங். வேலு போட்டதைப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். அந்தக் கை இந்தச் செவத்துல இல்லீன்னா, இது பேஸ்பால் செவுரு இல்லீங், வெறும் செவுரு."

பெரிய சார் மெதுவாகச் சொன்னார்: "திறமையைப் பத்திப் பேச்சில்ல குமரேசா. அவன மாதிரிக் கையை நான் வேற எங்கயும் பாக்கல. ஆனா நாளைக்கு ஒரு பிள்ளை இந்தச் சுவரைப் பாத்துட்டுப் போய் அட்டை எழுதும். பொய் எழுதினவன் படத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

இரண்டும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயம். வாய் பேசத் தொடங்கியது. "ஒண்ணு செய்வோம் சார். ஆறாவதுல வெறும் முகம் பாக்குற கண்ணாடியை மாட்டிருவோம். யாரு வந்து பாக்குறாங்களோ அவங்க."

"உனக்கு அதுல என்ன லாபம்னு தெரியுது" என்றார் பெரிய சார், என் தலையைப் பார்த்தபடி.

முடிவெடுக்கிற முறையையும் அவரே வகுத்திருந்தார். கை தூக்கி எண்ணுவதெல்லாம் கிடையாது. அவர் மேஜையைத் தட்டுவார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அம்பயர் சைகை காட்ட வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் முடிவு. வேலுச்சாமிக்காகத் தட்டினார். குமரேசன் இரண்டு கையையும் விரித்தான். பெரிய சாரின் கட்டைவிரல் எழுந்தது. என் வலது கை விரிந்தது, இடது கை மடங்கியது. எதிலும் சேராமல், இறக்கை முறிந்த கொக்கு மாதிரி நின்றேன்.

"இது என்ன சிக்னல்?"

"பிடிப்பு சார். தோள்பட்டையில."

அப்போதுதான் வாசலில் சாவிக்கொத்துச் சத்தம். பாண்டியம்மாள். இப்போது அவள்தான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. தலைமையாசிரியரே அவளைக் கண்டால் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். "முடிஞ்சுச்சா சார்? பூட்டணும்" என்று வந்தவள், எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். "வேலுவப் பத்தியா?"

பெரிய சாருக்கு அவளைத் தெரியாது. "யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"வேலுச்சாமிகூடப் பொறந்தவங்க சார். ரெண்டு பேரும் இரட்டை."

பாண்டியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு சார் இரட்டை?"

"நீயும் அவனும்தான்."

"நல்லாருக்கு போங்க. அம்புட்டு வருசம் எங்களுக்கு வாத்தியாரா இருந்திருக்கீங்க. அவனை நான் இடுப்புல வச்சுத் தூக்கித் திரிஞ்சது எங்க தெருவுக்கே தெரியும். எவளாவது இரட்டையை இடுப்புல தூக்குவாளா சார்?"

உடற்கூறியல் என்னைக் கைவிட்டது. நான் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனவன். அவர்கள் தெருவை நான் பார்த்ததே இல்லை.

பெரிய சார் கைத்தடியை ஊன்றி முன்னால் சாய்ந்தார். "உக்காருங்கம்மா. நீங்க எத்தனை வயசு மூத்தவங்க?"

"நாலு வருசம் சார். எங்கம்மா கூலிக்குப் பூவெடுக்கப் போகும். இவனைப் பாத்துக்கிடணும்னு என்னையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. எனக்கு எட்டு வயசு ஆகிப்போச்சு. இனிமேயும் வச்சிருந்தா நல்லாருக்காதுன்னு சேக்கக் கூட்டிட்டுப் போனாங்க. இவன் என் பாவாடையப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறான். ஒரே அழுகை. அங்க இருந்த வாத்தியாரு என்னையத் தலைக்கு மேல கையப் போட்டுக் காதைத் தொடச் சொன்னாரு. தொட்டேன். அப்புறம் இவன் அழுகையை நிப்பாட்ட, 'ஏலே அப்பு, நீயும் தொடு பாப்போம்'னு விளையாட்டுக்குச் சொன்னாரு."

எங்களுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது.

"தொட்டுட்டான் சார். தொட்டு, அதைத் தாண்டியும் போச்சு. அப்பத்தான் அவனுக்கு நாலு வயசு முடிஞ்சிருந்துச்சு. வாத்தியாரு சிரிச்சுட்டாரு. 'காதைத் தொட்டவன் அஞ்சு வயசுக்காரன், எழுதிக்கோ'ன்னு ரெண்டு பேருக்கும் ஒரே தேதியப் போட்டுட்டாரு. எங்கம்மாவுக்குச் சந்தோசம். ரெண்டும் ஒரே இடத்துல கிடக்கும்ல."

ஆக, எந்தக் கை அவனைப் பிட்சர் ஆக்கியதோ, அதே கைதான் அவனுக்கு ஒரு வயதைக் கூட்டி எழுத வைத்தது; அட்டையில் அவன் எழுதின பதினைந்துதான் நிஜம். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் காலி ஃப்ரேமில் விழுந்து எதிர்ச்சுவரில் ஒரு வெளிச்சக் கட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு சின்னப் பையன் அழுகையை நிறுத்திவிட்டுக் கையைத் தலைக்கு மேல் போடுவதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை, நினைத்தேன். பெரிய சார் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அவர் கேட்டது பாண்டியம்மாளை. "இதெல்லாம் நீங்க பாத்ததா, அம்மா சொல்லிக் கேட்டதா?"

"பாத்தது சார். அவன் பொறந்தப்பவே வாசல்ல நின்னவ நான். உள்ள கூப்பிட்டு என் மடியில போட்டாங்க. மூஞ்சி இத்தினிக்காணு. கை மட்டும் எனக்கு எட்டாத தூரத்துக்குப் போச்சு."

"அன்னைக்கே ஏம்மா சொல்லலை?"

"நான் அன்னைக்குப் படிப்பை நிறுத்திட்டு மில்லுல இருந்தேன். அப்புறமும் யாரும் எங்கிட்டக் கேக்கலையே சார்."

குமரேசன் மெதுவாக வலது கையைத் தூக்கி, தலைக்கு மேல் வளைத்து, இடது காதைத் தொட்டான். கமிஷன் மண்டி முதலாளி, கழுத்தில் சங்கிலி, தலைக்கு மேல் கை. எனக்கும் தானாகக் கை போனது. சாயம் விரலில் ஒட்டியது. பெரிய சாரும் கைத்தடியை மடியில் கிடத்திவிட்டு முயன்றார். அவருக்கு விரல் நுனிதான் பட்டது.

"எனக்கு ஆறு வயசு ஆகியும் எட்டலை" என்றார், யாரிடமும் இல்லாமல். "ஒரு வருசம் திருப்பி அனுப்பிட்டாங்க. எட்டினப்புறம் அஞ்சுன்னு போட்டாங்க." கையை எடுக்காமலே மறுகையில் விரல்விட்டு எண்ணினார். "அப்ப நானும் ரெண்டு வருசம் கூட வேலை பாத்திருக்கேன்."

பாண்டியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நான் காகிதத்தைப் பாத்தேன்" என்றார். "கையைப் பாக்கலை."

பிறகு மேஜையைத் தட்டுவதற்காகக் கையை ஓங்கினவர், தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பக்கம் துடைத்தார். மறுபக்கம் துடைத்தார். வெளியே மைதானத்தின் மேல் உண்மையாகவே ஒரு கொக்கு போய்க்கொண்டிருந்தது. அது சிறுமலைப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கையையும் முழுசாக விரித்து நின்றுவிட்டேன். தட்டுகிற சத்தம் கேட்டது. ஏதோ கீழே விழுகிற சத்தமும் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். விழுந்தது கைத்தடி. பெரிய சார் அதைப் பிடிக்காமல் தானே எழுந்து நின்றிருந்தார். இரண்டு கையும் பக்கவாட்டில், தரைக்குச் சமமாக, விரல்கள்கூட நடுங்காமல் விரிந்திருந்தன.

"சேஃப்" என்றார். பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற அதே குரல்.

இனி ஒரு சிக்கல்: மாட்டுவதற்குப் படம் வேண்டுமே. வேலுச்சாமி ஆடினபோது எடுத்த படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. குமரேசன் போன் போட்டான். அடுத்த வாரம் வேலுச்சாமி, காலிப் பெட்டி அடுக்கின லாரியோடு பள்ளி வாசலில் வந்து நின்றான். ஆள் கனத்திருந்தான், முன்தலை ஏறியிருந்தது. சங்கதி முழுவதையும் கேட்டான். பிறகு, "லோடு ஏத்தப் போகணும் சார், எடுக்கிறதுன்னா சட்டுன்னு எடுங்க" என்றான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். பந்தைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

பெரிய சார் அவன் முன்னால் போய் நின்றார். அவன் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருந்தார். "தம்பி, காதைத் தொடு" என்றார்.

வேலுச்சாமி முதலில் அவரைப் பார்த்தான். அப்புறம் அவன் அக்காவைப் பார்த்தான். அப்புறம்தான் சிரித்தான்.

என் ஸ்டுடியோ படத்தை வீட்டுக்காரி ஓய்வூதிய வேலைக்குப் பத்திரமாக வைத்திருக்கிறாள். தாடை நன்றாக வந்திருக்கிறது என்கிறாள்.

ஆறாவது ஃப்ரேமில் இருப்பது வேலுச்சாமி. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுக்கொண்டிருக்கிறான். விரல்கள் காதைத் தாண்டித் தாடைவரை இறங்கியிருக்கின்றன. கீழே அவன் பேரும், 'பிட்சர்' என்ற ஒரு சொல்லும் மட்டும் இருக்கின்றன. படம் எடுத்தது அவன் அக்கா.